காத்து இறங்கிருச்சு

சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்தால் ஒட்டுவதற்கென்று ஒரு தகர டப்பா உண்டு. உள்ளே நாலைந்து ரப்பர் துண்டுகள், உரசுவதற்குச் சொரசொரப்பான ஒரு தகடு, கட்டைவிரல் நீளக் குழாயில் சொல்யூசன் என்கிற ஒட்டுப்பசை. ஓட்டையைச் சுற்றி உரச வேண்டும். சொல்யூசனை மெல்லிசாகத் தடவ வேண்டும். பிறகு சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் அதில் பெரிய வேலை. ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் விட்டால் ஈரம் வற்றி, விரலை வைத்தால் இழுக்கிற பதத்துக்கு வரும். அப்போது துண்டை வைத்து அமுக்கினால், டியூப் கிழிந்தாலும் கிழியுமே தவிர ஒட்டுப் பிரியாது. ஈரத்தோடு வைத்தால் இரண்டு மைல் தாங்காது. இவ்வளவும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? நான் வாயால் ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, பத்து எண்ணுவதற்குள் துண்டை வைத்து அமுக்கிவிடுகிற ரகம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கம்பம் பள்ளத்தாக்கில் அம்மை குத்துகிற வேலையில் இருந்தேன். சின்னமனூரில் ஜாகை. மேற்கே கூடலூர் வரைக்கும், இந்தப் பக்கம் வீரபாண்டி வரைக்கும் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளின் கையில் கீறி மருந்து வைக்க வேண்டும். என் சைக்கிள் மணி கேட்டதும் தாய்மார்கள் பிள்ளைகளைத் தானியக் குலுக்கைக்குப் பின்னால் ஒளித்துவைப்பார்கள். அதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. ஓரிடத்தில் இருக்க வேண்டியதில்லை என்கிற ஒரே காரணத்துக்காக அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு பிறந்தவன் என்று என் தகப்பனாரே சொல்லுவார். சாப்பிட உட்கார்ந்தால் ரசத்துக்கு முன்னால் எழுந்துவிடுவேன். கோபம் வந்தால் அது மட்டும் எனக்கு முன்னால் எழுந்துவிடும்.

என் மனைவி ஆண்டிபட்டிக்காரி. மழையை நம்பி வெள்ளாமை செய்கிற குடும்பம். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். வாரத்துக்கு ஒரு முள்ளாவது என் சைக்கிளுக்குக் கிடைக்கும். முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு நான் டியூபோடு மல்லுக்கட்டும்போது, அவள் பம்பைப் பிடித்துக்கொள்வாள். வெளியே வரும் காற்று எந்த இடத்தில் கன்னத்தில் படுகிறது என்று கண்டுபிடிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி அவள்தான்.

மூன்றாம் வருஷத்தில் அவளுக்கு ஐந்தாம் மாதம் கலைந்துவிட்டது. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, படுத்த படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு நாளைக்கு எங்கனயும் போகாதீக. பக்கத்துல உக்காந்திருங்க, போதும்" என்றாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓலைக்கூரையைப் பார்த்தேன், அவள் முகத்தைப் பார்த்தேன், மறுபடி கூரையைப் பார்த்தேன். பிறகு, கூடலூரில் அவசரமாக வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். கூடலூரில் ஒரு வேலையும் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது. மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அவளுடைய தாய்மாமன் வண்டி கட்டிக்கொண்டு வந்து அவளை ஆண்டிபட்டிக்கு அழைத்துப் போய்விட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

நான் போய்க் கூப்பிடவில்லை. போனவளுக்குத் திரும்பி வரத் தெரியாதா என்று வீம்பாக இருந்தேன். வீம்பு நாலு மாதம் ஓடியது. ஒரு நாள் அந்தத் தாய்மாமனே சின்னமனூருக்கு வந்தார். உள்ளே வந்து உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினார்.

"வர்ற வெள்ளிக்கெழம எங்க ஊர்ல கூட்டம் வச்சிருக்கு, மாப்ள. பொழுது உச்சிக்கு வாறதுக்குள்ள வந்து உங்க பேச்சச் சொல்லிருங்க. வரலைன்னா தொரும்பு கிள்ளிருவாக. அம்புட்டுத்தேன்."

எங்கள் பக்கத்துக் குடியானவர்களிடம் புருசன் பெண்டாட்டி பிரிவதற்குக் கோர்ட்டும் கச்சேரியும் வேண்டியதில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி, ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து இரண்டாகக் கிள்ளிப் போட்டால் தீர்ந்தது. அதன் பிறகு அவள் யாரோ, நான் யாரோ. புருசன் கூட்டத்துக்கு வராமல் போனால் அவனுக்குப் பதிலாக ஊர்ப் பெரியவரே கிள்ளுவார். தாய்மாமன் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது. இதைத் தெரிந்துகொள்ள நாலு மாதமும் ஒரு துரும்பும் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை விடியும்போதே நான் சின்னமனூரில் மதுரை பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டேன். தேனி வழியாக ஆண்டிபட்டி போய் மதுரைக்குப் போகிற பஸ். சின்னமனூரிலிருந்து ஆண்டிபட்டிக்கு இருபத்தைந்து மைல் இருக்கும். ஏறி உட்கார்ந்திருந்தால் பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் அந்தக் காலத்து பஸ்ஸுக்கு மணிக்கணக்கு ஏது? ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். கண்டக்டர் வாழைத்தார்களை மேலே ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். டிரைவர் ஒரு ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பல் தேய்த்தார். நான் கால் மணி நேரம் பொறுத்தேன். என் கணக்கில் அது ஒரு யுகம்.

"எப்பய்யா கெளம்பும்?"

"இன்னும் ஏழு உருப்படி வரணும். ஏறி உக்காருங்க, வந்துருவாக."

"உங்க பஸ்ஸு கெளம்புறதுக்குள்ள நான் சைக்கிள்ல ஆண்டிபட்டி போயி காப்பியே குடிச்சிருவேன்!"

"ஆத்தி! எங்களுக்கும் ரெண்டு சொல்லி வைங்க" என்றார் டிரைவர், வாயில் வேப்பங்குச்சியோடு.

அது போதும் எனக்கு. வீட்டுக்கு ஓடி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு இணை கிடையாது. நல்ல வெயிலடிக்குமுன் தேனியைத் தாண்டிவிட வேண்டும் என்று மிதித்தேன். இரண்டு பக்கமும் நெல் வயல்களில் பச்சை வழிந்துகொண்டிருந்தது. வாய்க்கால் கரையில் கொக்குகள் நின்றன. நான் எதையும் பார்க்கவில்லை. கூட்டத்தில் என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். முதலில் மன்னிப்புக் கேட்பதாகத் தொடங்கும். பாதியில் தாய்மாமனோடு சண்டையாக மாறிவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

வீரபாண்டிக்கு அரை மைல் இருக்கும்போது பின்சக்கரம் தரையில் தட்டியது. இறங்கிப் பார்த்தேன். சப்பையாகக் கிடந்தது. ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் சைக்கிளைக் கவிழ்த்தேன். டயரை நெம்பி டியூபை உருவினேன். பம்பால் அடித்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஓட்டை தெரிந்தது. உரசினேன், தடவினேன், ஊதினேன். பத்து எண்ணவில்லை, ஆறு எண்ணியிருப்பேன். துண்டை வைத்து அமுக்கிவிட்டேன். டியூபை உள்ளே திணித்துக்கொண்டிருக்கும்போது மதுரை பஸ் வந்தது. எல்லா ஆளும் சேர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது, மேலேகூட இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் என்னைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார். கையை நீட்டியிருந்தால் நிறுத்தி ஏற்றிக்கொண்டிருப்பார். மனுசன் நல்லவர்தான். நான் டயரைப் பார்த்தபடி தலையைக் குனிந்துகொண்டேன்.

"காப்பி ஆறிரப் போகுது!" என்று கத்திவிட்டு ஹாரனை அடித்துக்கொண்டே போனார். புழுதி என் தலையில் படிந்தது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. பெண்டாட்டியைத் தோற்கப் போகிற நாளில்கூட ஒரு பஸ் டிரைவரிடம் தோற்க மனம் வராத முட்டாள் நான்.

அல்லிநகரம் வரைக்கும் அந்த ஒட்டு தாங்கியது. அங்கே மறுபடி காற்று போனது. கழற்றிப் பார்த்தால், துண்டு ஒரு ஓரத்தில் நனைந்த காகிதம்போல எழும்பி நின்றது. நான் எதிர்பார்த்ததுதான். அதைப் பிய்த்து எறிந்துவிட்டு வேறொன்று வைத்தேன். எதிரில் ஒரு டீக்கடை இருந்தது. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் விட்டிருந்தால் சொல்யூசன் காய்ந்திருக்கும். ஆனால் பொழுது ஏறிக்கொண்டே போனது. நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. ஈரத்தோடு அமுக்கினேன். ஏறி மிதித்தேன்.

குன்னூரைத் தாண்டினால் நிலம் மாறிவிடும். பச்சை பின்னால் போய்விடும். இரண்டு பக்கமும் செம்மண், கரடு, உடைமரம். நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம் தேட வேண்டும். அங்கேதான் மூன்றாம் தடவை காற்று இறங்கியது. அந்த வெயிலில், அந்தக் கல் மேட்டில், சைக்கிளைத் தூக்கி எறியலாமா என்று நினைத்தேன். அது சர்க்கார் சைக்கிள். எறிந்துவிட்டும் போக முடியாது, விட்டுவிட்டும் போக முடியாது.

மறுபடி டியூபை உருவினேன். இந்தத் தடவை ஓட்டை இரண்டாக இருந்தது. அப்போதுதான் புத்தி வந்து டயரின் உள்பக்கம் விரலைவிட்டுத் துழாவினேன். சுருக்கென்று குத்தியது. வீரபாண்டியில் ஏறிய முள், நுனி முறிந்து டயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. முதலிலேயே பார்த்து எடுத்திருக்க வேண்டிய முள். அது நகத்துக்குச் சிக்கவில்லை, பல்லால் கடித்தாலும் வரவில்லை. என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுதினால் அச்சில் ஏற்றமாட்டார்கள். தண்ணீர் இல்லாததால் டியூபில் எச்சிலைத் துப்பித் தேய்த்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். டியூபைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, "இன்னைக்கு என்னைய விட மாட்டியா? என் குடும்பத்தக் கெடுத்துட்டுத்தான் போவியா?" என்று அதனிடமே கேட்டேன்.

அந்த நேரத்தில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டி நிறைய வெற்றிலைக் கட்டு. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். தலையில் பெரிய துண்டு கட்டியிருந்தார். நான் கையில் வைத்திருந்ததை உற்றுப் பார்த்தார்.

"என்னப்பா அது, எதோட கொடலு?"

சைக்கிள் போவதை அவர் பார்த்திருப்பார். அதன் சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்க வழியில்லை. இது எனக்கு இப்போது தோன்றுவது. அப்போது எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கக்கூட நேரமில்லை.

"காத்து எறங்கிருச்சுய்யா!"

அவர் சற்றுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "யாருக்கு?"

"எனக்குத்தேன். காலையில இருந்து மூணாவது தடவ. விடவே மாட்டேங்குது. நீங்க ஆண்டிபட்டிக்கா போறீக?"

"ஆமா." குரல் இறங்கியிருந்தது.

என் மாமனார் வீட்டு அடையாளத்தைச் சொன்னேன். அவருக்கு அந்த வீடு தெரிந்திருந்தது. "அங்கன இன்னைக்கு எனக்காகக் கூட்டம் கூடியிருக்காக. வழியில காத்து எறங்கிருச்சு, முள்ளு உள்ளயே இருக்கு, எடுத்துட்டு வந்துருவாருன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கய்யா, புண்ணியமாப் போகும்!"

அவர் மாட்டின் வாலை முறுக்கி ஒரு அடி கொடுத்தார் பாருங்கள், வெற்றிலைக் கட்டெல்லாம் குலுங்க வண்டி பறந்தது. எவ்வளவு நல்ல மனுசர், என் அவசரம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்து நெஞ்சு நிறைந்துவிட்டது.

முள்ளை எடுக்க எனக்கு வெகு நேரமாகிவிட்டது. ஒட்ட உட்கார்ந்தால் சொல்யூசன் தீர்ந்திருந்தது. சொல்யூசன் குழாயின் வாலைச் சுருட்டி அமுக்கியதில் ஒரு பொட்டு வந்தது. ஓர் ஓட்டைக்குத்தான் போதுமாக இருந்தது. இன்னோர் ஓட்டையை என் வேட்டி ஓரத்தைக் கிழித்து இறுக்கக் கட்டினேன். பம்படிப்பேன், கால் மைல் மிதிப்பேன், இறங்கி மறுபடி பம்படிப்பேன். கடைசி இரண்டு மைலும் தள்ளிக்கொண்டே ஓடினேன்.

ஆண்டிபட்டித் தெருவுக்குள் நுழையும்போது என் நிழல் காலடியில் ஒரு சாண் மிச்சமிருந்தது. பொழுது இன்னும் உச்சிக்கு வரவில்லை. சொன்ன நேரத்துக்குள் வந்துவிட்டேன். அந்தச் சந்தோசத்தில் எனக்கு மூச்சு முட்டியது. தெருவில் என்னைப் பார்த்த பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அம்மை குத்துகிறவனுக்கு அது பழகின மரியாதைதான் என்று மேலே நடந்தேன்.

மாமனார் வீட்டு முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். என்னைக் கண்டதும் எல்லோரும் ஒரேயடியாக எழுந்து நின்றார்கள். பரவாயில்லையே, இவ்வளவு மரியாதையா என்று நினைப்பதற்குள், ஒரு கை திருநீறு என் கண்ணிலும் வாயிலும் வந்து விழுந்தது. தாய்மாமன் ஒரு வேப்பங்கொத்தோடு எனக்கு எதிரே நின்றார்.

"ஏய், சொல்லு. நீ எந்த ஊருக் காத்து?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வியர்வையும் புழுதியும் திருநீறுமாக, ரப்பர் கறுப்பு அப்பின கைகளோடு, கிழிந்த வேட்டியோடு நின்று கத்தினேன். "எந்த ஊருக் காத்தா? சின்னமனூருக் காத்துதேன்! உங்களுக்குத் தெரியாதாக்கும்!"

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. வேப்பங்கொத்து என் தோளில் விழுந்தது.

"எங்கன வச்சுப் பிடிச்ச?"

"வீரபாண்டிப் புளியமரத்துக்கிட்ட எறங்குச்சு! அல்லிநகரத்துல எறங்குச்சு! குன்னூரு தாண்டியும் எறங்குச்சு! மனுசன் பட்ட பாடு எனக்குத்தேன் தெரியும்!"

"மூணு எறங்கியிருக்கா!" என்றார் யாரோ.

"எப்ப விட்டுட்டுப் போவ? சொல்லு!" இன்னோர் அடி.

"எம் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுத்தேன் போவேன்! கூட்டிக்கிட்டுப் போகாம இந்த எடத்தவிட்டு நகர மாட்டேன்!"

எந்தப் பேயும் இதைவிடத் திருத்தமாகப் பதில் சொல்லியிருக்காது. இரண்டு பேர் என் கையைப் பின்னால் பிடித்தார்கள். அப்போதுதான் அந்தக் கூட்டத்தில் வெற்றிலை வண்டிக்காரரைப் பார்த்தேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம், "நாஞ் சொன்னேன்ல? கொடல உருவிக் கையில வச்சுக்கிட்டு, எச்சியத் துப்பி, கன்னத்துல வச்சுக் கொஞ்சிக்கிட்டு, அதுகூடவே பேசிக்கிட்டு இருந்தாரு. எனக்குக் காத்து எறங்கிருச்சு, முள்ளு உள்ள இருக்குன்னு அவரு வாயாலேயே சொன்னாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் சைக்கிளை விட்டு இறங்குவதும் காத்துதான், மனுசன் மேல் வந்து இறங்குகிற பேயும் காத்துதான். சக்கரத்துக்குள் காற்று அடைத்திருப்பது தெரியாதவருக்கு நான் சொன்னதில் வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? கோபத்தை மென்று விழுங்கினேன். அந்த முற்றத்தில் அது மட்டும்தான் நான் செய்த நல்ல காரியம். மெதுவாக, "கைய விடுங்க. காட்டுறேன்" என்றேன். சைக்கிளைக் கவிழ்த்து டயரை நெம்பி டியூபை உருவினேன். பம்பால் அடித்து, வேட்டித் துணியை அவிழ்த்துவிட்டு, ஓட்டையை ஊர்ப் பெரியவரின் கன்னத்துக்கு நேராகப் பிடித்தேன். புஸ்ஸென்று அவருடைய மீசை பறந்தது.

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். ஒருவர் விடாமல் சிரித்தார்கள். வெற்றிலை வண்டிக்காரர் டியூபை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அட கெரகமே!" என்றார். தாய்மாமன் மட்டும் சிரிக்கவில்லை. வேப்பங்கொத்தைக் கீழே போட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். அவர் பார்த்த இடத்தில் இரண்டு துண்டு வைக்கோல் கிடந்தது.

"கிள்ளியாச்சா?" என்றேன்.

"காத்துப் பிடிச்சவருகூட எப்படிய்யா பொண்ண அனுப்புறது?" என்றார் ஊர்ப் பெரியவர். "இவரு வந்து சொன்னதும் எல்லாரும் ஒரே பேச்சாச் சொன்னாக. பொண்ணயும் கேட்டோம். கதவுக்குப் பின்னாடிதேன் நின்னுச்சு, ஒண்ணும் பேசல. சரின்னு கிள்ளிட்டேன்." கீழே கிடந்த வைக்கோலைப் பார்த்தார். "தப்பாக் கேட்டுக்கிட்டு கிள்ளுன துரும்புதானே. நீங்களும் நேரத்துக்கு வந்துட்டீக. பொண்ணு சரின்னு ஒரு வார்த்த சொன்னா, இது கிள்ளாததுன்னே வச்சுக்குவோம். போயிக் கேளுங்க, மாப்ள."

வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். அவள் உரலில் கம்பு இடித்துக்கொண்டிருந்தாள். நாலு மாதத்தில் முகம் தெளிந்திருந்தது. அவளைப் பார்த்ததும் நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பு மறந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தது.

"கேட்டியா கூத்த? காத்து எறங்கிருச்சுன்னா பேயின்னு நெனச்சிருக்காக உங்க ஆளுக! வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுக் கெளம்பு. போற வழியில பேசிக்கலாம்."

அவள் உலக்கையை நிறுத்தினாள்.

"அந்த வண்டிக்காரரு சொல்லும்போதே எனக்குத் தெரியும், அது சைக்கிளுன்னு" என்றாள். "கொடலு, எச்சி, கன்னத்துல வச்சுப் பாக்குறாருன்னு சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன்."

"தெரியுமா? தெரிஞ்சா ஏன் சொல்லல?"

அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்துவைத்தாள். கையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டினாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருந்தாலும் நின்றேன்.

"கலைஞ்சு படுத்திருந்தேன்ல, அப்ப எந்திரிக்கவே கூடாதுன்னு மருத்துவச்சி சொல்லிட்டுப் போனா. தெருவுல ஒரு மணிச் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போயி வாசல்ல நிப்பேன். தபாலு கொண்டாறவகளா இருக்கும். திரும்பி வந்து படுப்பேன். மாட்டு மணி கேட்டாக்கூட எந்திரிச்சேன். ரெண்டு நாளு அப்படிக் காத்துக் கெடந்தேன். மாமன் வந்து பாத்துட்டு, வாசல்ப்படியெல்லாம் என்ன ரெத்தம்னு கேட்டாரு." அவள் என் முகத்தைப் பார்க்காமல், உரலுக்குள் பார்த்துப் பேசினாள். "இன்னைக்கு நீங்க வருவீகன்னு எனக்குத் தெரியும். சைக்கிளத் தலையில தூக்கிக்கிட்டாச்சும் வந்துருவீக. வந்து நின்னு கெளம்புன்னு சொன்னா நானும் கெளம்பிருவேன், அதுவும் தெரியும். அதான், நீங்க வாறதுக்குள்ள முடிஞ்சிரட்டும்னு வாயத் தொறக்காம நின்னேன்."

அவள் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுடைய மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கிளம்பு என்று இன்னொரு தரம் சொன்னால் வந்துவிடுவாள் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அதைச் சொல்லிவிட நாக்கு துடித்தது. நான் முற்றத்துக்குத் திரும்பி வந்து, கிள்ளினது கிள்ளினதாகவே இருக்கட்டும் என்று ஊர்ப் பெரியவரிடம் சொன்னேன்.